தக்கை மோந்து பார்க்கக் கண்டிக்குப் போனேன்

மூக்கை வைத்துப் பிழைப்பவள் நான். சிலர் சமைத்துப் பிழைக்கிறார்கள், சிலர் பாடிப் பிழைக்கிறார்கள். நான் மோந்து பார்த்துப் பிழைக்கிறேன். போர்ச்சுகலிலிருந்து ஒயின் பாட்டிலுக்கான மரத்தக்கைகளை மூட்டை மூட்டையாக வரவழைத்து, தரம் பார்த்து, சின்னப் பைகளில் கட்டி விற்கும் ஒரு பெங்களூர்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தரச் சோதனைதான் என் வேலை. கெட்ட தக்கை ஒன்று ஒரு பாட்டில் ஒயினையே கெடுத்துவிடும். மழையில் நனைந்த பழைய செய்தித்தாள் மாதிரி ஒரு வாடை அதில் ஏறிவிடும். அந்த வாடை உள்ள ஒரு தக்கைகூட என்னைத் தாண்டி வெளியே போகாது என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். முதலில் சொன்னது நான்தான்.

அதனால் கண்டியிலிருந்து புகார் வந்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது. கண்டிக்குப் பக்கத்தில், கலஹா போகிற வழியில், கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் திராட்சையை வாங்கிவந்து, மாதா கோயில் பூசைக்கான திராட்சை இரசம் செய்து, நாடு முழுக்க உள்ள கோயில்களுக்கு அனுப்புகிறார்கள். எங்களிடம் பத்துப் பை தக்கை வாங்கியிருந்தார்கள். பைக்கு ஆயிரம் தக்கை. ஒவ்வொரு பையின் வாயிலும் என் கையெழுத்துள்ள நாடா ஒட்டித்தான் அனுப்பினேன். "வாடை வருது, அடைக்க முடியாது" என்று எழுதிவிட்டார்கள்.

"நீங்களே ஒரு நடை போயிட்டு வந்துருங்கம்மா," என்றார் முதலாளி. "அவங்க மூக்குக்கு என்ன கோளாறுன்னு பாத்துட்டு வாங்க."

கொழும்பில் ஏறிய ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மலை தொடங்கியதும் பெட்டியில் பாதிப் பேர் எழுந்து கதவருகே போய் நின்று படம் எடுத்தார்கள். எதிரே இருந்த சிங்களப் பெண்மணி தன் கணவரிடம் ஏதோ சொல்ல, பெட்டியே சிரித்தது. பக்கத்திலிருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "இவங்க மலையப் பாக்க வந்தாங்களா, போனைப் பாக்க வந்தாங்களான்னு கேக்குறாங்க." நான் இரண்டையும் பார்க்கவில்லை. தூங்கிவிட்டேன்.

கண்டிக்குப் போகிறவர்கள் பேராதனைச் சந்தியில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டுமாம். நான் ஏறியது பதுளைக்குப் போகிற ரயில். கண் விழித்தபோது வெளியே பலகையில் நாவலப்பிட்டி என்று எழுதியிருந்தது. கண்டி எப்போது வரும் என்று பிளாட்பாரத்தில் நின்ற ரயில்வே ஊழியரிடம் கேட்டேன். அவர் என் பெட்டியையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "கண்டிக்கு மாறுற சந்தி வந்து போய் ஒரு மணி நேரமாச்சிங்களே," என்றார் மரியாதையாக.

சரி, வந்தது வந்தாயிற்று என்று ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் உட்கார்ந்தேன். "வாங்க, உக்காருங்க" என்று கடைக்காரர் அழைத்த அழைப்பில் நான் மதுரைப் பக்கம் எங்கோ இறங்கிவிட்டது போலிருந்தது. ஒசூரில் எங்கள் தெரு டீக்கடையில் ஒரு வடை கேட்டால் ஒரு வடை வரும். இங்கே நான் டீ மட்டும்தான் கேட்டேன். ரோல்ஸ், பட்டீஸ், பருப்பு வடை, மீன் பனிஸ் என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டார்கள். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்டவள் நான். ஐந்தாவது உருப்படியில் இருந்தபோது கடைக்காரர் வந்து, "எல்லாத்தையும் சாப்புடணும்னு இல்லீங்க. வேணும்ங்கிறத எடுத்துட்டு மிச்சத்த விட்றலாம்," என்றார். "தெரியும், தெரியும்," என்று ஆறாவதை எடுத்தேன்.

அங்கிருந்து பஸ்ஸில் கண்டிக்கு வந்து, குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடி அறை ஒன்றில் பெட்டியை வைத்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் மூக்குக்கு வேலை இருந்ததால் பூண்டு, வெங்காயம், கருவாடு எதையும் தொடாமல் பாண் என்று இங்கே சொல்கிற ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுவிட்டுப் படுத்தேன். எங்கள் தொழிலில் அது கட்டுப்பாடு. சோதனை நாளில் பவுடர் கிடையாது, பூ கிடையாது, தலைக்கு எண்ணெய்கூடக் கிடையாது. என் கல்யாண ஆல்பத்தில்தான் நான் கடைசியாகப் பூ வைத்திருக்கிறேன் என்று என் மகள் கேலி செய்வாள்.

மறுநாள் புதன்கிழமை. இத்தனை சுத்தபத்தமாகக் கிளம்பிய என்னைக் கலஹா பஸ் கவிழ்த்துவிட்டது. எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பேராதனையில் கூட்டம் ஏறியது. நின்றுகொண்டிருந்த ஒரு பெண், ஏதோ வெகுநாள் பழகியவள் மாதிரி, தன் பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். இங்கே அதுதான் வழக்கம். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் சுமையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல வழக்கம்தான். பைக்குள் இருந்தது கருவாடு. அவள் இறங்குகிறவரை அரை மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். இறங்கும்போது, "பெரிய உதவி மிஸ்," என்று சிரித்தாள்.

மடம் ரோட்டிலிருந்து கொஞ்சம் மேலே இருந்தது. இரசச் சாலையைப் பார்த்துக்கொள்பவர் ஒரு துறவி. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல உயரம், அங்கியின் மேல் ரப்பர் ஏப்ரன் கட்டியிருந்தார். எல்லோரும் அவரைப் பிரதர் என்றே கூப்பிட்டார்கள்.

"வாங்கோ, வாங்கோ. கோச்சியில நித்திரை கொண்டிட்டியளாம். நேற்றுப் பின்னேரம் முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தம்," என்றார். முதலாளியின் வேலை. போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்.

சோதனை அறை வாசலில் ஒருத்தி நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உடம்பு, வெள்ளைக் கோட்டு. பெயர் ஸ்டெல்லா. வாடை வருகிறது என்று சொன்ன மூக்கு இவளுடையதுதான். நான் உள்ளே போகக் காலெடுத்து வைத்தேன். அவள் நகரவில்லை.

"மன்னிச்சிக்கங்க மிஸ். உங்க சேலையில கருவாட்டு வாடை வருது. உள்ளுக்கு விட ஏலாது."

இருபத்திரண்டு வருடத்தில் நான்தான் மற்றவர்களை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். என்னை யாரும் நிறுத்தியதில்லை. பிரதர் சங்கடப்பட்டு ஏதோ சொல்ல வந்தார். அவள் சொன்னது சரி. முந்தானையை மோந்து பார்த்துவிட்டு நானே பின்வாங்கினேன். பக்கத்துக் கன்னியர் மடத்திலிருந்து துவைத்த கவுன் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். சோப்பு போடாமல் வெறும் வெந்நீரில் கை கழுவி, அரை மணி நேரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காற்று வாங்கிய பிறகுதான் உள்ளே விட்டாள்.

உள்ளே போனதும் எனக்குத் தெம்பு திரும்பிவிட்டது. மேசை மேல் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. தேயிலை ருசி பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் குவளைகள் வரிசையாக இருந்தன. ஸ்டெல்லா ஒன்பது வருடம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்த்துத் தரம் சொல்லும் டீமேக்கருக்கு மாதிரிக் குவளைகள் தயாரித்து அடுக்கும் வேலை பார்த்தவள். தொழிற்சாலை மூடியபோது குவளைகளோடு இங்கே வந்திருக்கிறாள். தேயிலைக்குச் செய்ததைத் தக்கைக்கும் செய்தாள். குவளைக்கு ஒரு தக்கை, கொதிக்கிற தண்ணீர், மூடி, ஆறு நிமிடம். பிறகு மூடியைத் தூக்கி அதன் உட்பக்கத்தை மோந்து பார்ப்பது.

"கொதிக்கிற தண்ணிய ஊத்தினா எந்த மரமும்தான் மணக்கும்," என்றேன். "எங்க முறை பச்சைத் தண்ணி. இருபத்துநாலு மணி நேரம் ஊறணும். உலகம் முழுக்க அப்படித்தான்."

"மரவாடை வேற மிஸ், இது வேற," என்றாள். சண்டை போடுகிற குரலே இல்லை. "தேத்தண்ணில புகை வாடை இருந்திச்சின்னா சூட்டுலதான் தெரியும். ஆறிட்டா மறைஞ்சிரும்."

"தக்கை தேயிலை இல்லம்மா."

அவள் சுவரைக் காட்டினாள். ஒன்றிலிருந்து எட்டு வரை பைகளைப் பிரித்துப் பார்த்திருந்தாள். ஆறு வரை சுத்தம், ஏழிலும் எட்டிலும் வாடை என்று சுவரில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருந்தாள். காரணம் தெரியும்வரை எந்தப் பையையும் தொடக் கூடாது என்று எட்டோடு நிறுத்திவிட்டு எங்களுக்கு எழுதச் சொல்லியிருக்கிறாள்.

மதியம் வரை நான் என் வேலையைப் பார்த்தேன். தக்கையின் நீளம், குறுக்களவு, எடை, ஈரம், அமுக்கிவிட்டால் எவ்வளவு சீக்கிரம் பழைய அளவுக்கு வருகிறது, தட்டினால் எவ்வளவு தூசி உதிர்கிறது எல்லாம் பார்த்தேன். எட்டுப் பையும் நன்றாகத் தேறின. பிறகு ஒவ்வொரு பையிலிருந்தும் தக்கை எடுத்து, கண்ணாடி ஜாடிகளில் பச்சைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். நாளைக் காலை பார்க்கலாம் என்றேன்.

சாப்பாட்டு மேசையில் பிரதர் விஷயத்தை உடைத்தார். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல் இருந்தது. நான் சோற்றையும் பருப்பையும் மட்டும் தின்றுகொண்டு சம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொழும்பில எங்கட பெரியாக்கள், பேசாமல் அடை எண்டு அப்பவே சொல்லிப்போட்டினம். இந்தப் பிள்ளைதான் ஏலாது எண்டு நிண்டது. ஒண்டரை மாசமாப் போச்சு. பெரிய தாங்கியில இரசம் நிக்குது. சனிக்கிழமை அடைக்காட்டிப் புளிச்சுப்போம். புளிச்சால் பீடத்துக்கு எடுக்கேலாது."

"இப்ப நான் என்ன எழுதணும்?"

"உள்ளதை எழுதுங்கோ. தக்கை நல்லதெண்டு எழுதினால் பிள்ளையை வேலையால நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. அதுக்குப் புருஷன் இல்லை. ரெண்டு பிள்ளையள் படிக்குதுகள். தக்கை பிழையெண்டால்..." என்று நிறுத்திக்கொண்டார்.

மீதியை நானே சொல்லிக்கொண்டேன். தக்கை பிழையென்றால் நாடாவில் இருக்கிற கையெழுத்து பிழை. ஸ்டெல்லா, நான் இருவரில் ஒருத்தி வேலை தெரியாதவள் என்று சனிக்கிழமைக்குள் எழுதியாக வேண்டும். அது நானாக இருக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணை நினைத்துத் தட்டில் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தேன்.

சாப்பிட்டதும் ஸ்டோரைப் பார்க்கக் கேட்டேன். கதவைத் திறந்ததுமே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சுவரோரம் தரையெல்லாம் வெள்ளையாகப் பொடி தூவியிருந்தது. பிளீச்சிங் பவுடர். மலை ஈரத்தில் சுவரில் பாசி பிடிக்கிறது என்று வாரா வாரம் போடுவார்களாம். குளோரின் மரத்தில் பட்டு, அங்கே கொஞ்சம் பூஞ்சையும் இருந்தால், இந்த வாடை தானாகப் பிறக்கும். தக்கைக் கிடங்கில் பிளீச்சிங் பவுடர் வைக்கிறவனை எங்கள் கம்பெனியில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பொடிக்கு நேர் மேலே, கீழ்த்தட்டில் இருந்தவை ஏழாம் பையும் எட்டாம் பையும்தான். இந்த ஸ்டோர்ச் சாவி ஸ்டெல்லாவிடம்தான் இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதே முதலாளிக்குப் போன் போட்டேன். "மூக்கே வேண்டியதில்ல சார், கண்ணே போதும்," என்றேன். அவர் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அன்று கண்டியில் ஏரியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். எங்கள் ஊர் ஏரியில் தண்ணீரைத் தேட வேண்டும். இங்கே ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசவே ஜனங்கள் வருகிறார்கள். கன்னியரின் கவுனைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு நானும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வியாழன் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். யாரும் என் மடியில் எதையும் வைக்க முடியாது.

ஜாடிகளைத் திறந்தேன். ஒன்று முதல் ஆறு வரை ஒன்றுமில்லை. ஏழைத் திறந்ததும் வந்தது. ஈரச் செய்தித்தாள், நாள்பட்ட சாக்கு. எட்டும் அப்படியே. ஸ்டெல்லாவின் அட்டையும் என் ஜாடியும் ஒரே பதிலைச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம்தான். வெளிக்காட்டிக்கொள்ளவில்லை.

பிரதரையும் வரச் சொன்னேன். "வாடை இருக்கு. ஸ்டெல்லா சொன்னது சரி. ஆனா அது பெங்களூர்ல வந்ததில்ல. உங்க ஸ்டோர்ல வந்தது," என்று சொல்லிப் பொடியைக் காட்டி விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். பிரதர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்டெல்லாவின் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. பொடி போடச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. அவள் பிரதரைப் பார்க்கவும் இல்லை.

தட்டுகளைப் பார்த்துவிட்டு, "ஒன்பதும் பத்தும் ஸ்டோர்ல வைக்கல மிஸ்," என்றாள். "தட்டுல எடம் பத்தல. வந்த அன்னைக்கே பிரதர்ட அறை அலுமாரியில வச்சோம். நீங்க ஒட்டின நாடா அப்படியே இருக்கு."

எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? "அப்ப அதையே பிரிப்போம்," என்றேன். "ஒன்பது சுத்தமா இருந்தா, நாங்க அனுப்பினப்ப சரக்கு சுத்தம்னு அர்த்தம்."

"சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா மிஸ்?"

"ரெண்டும். முதல்ல உங்க முறை. பை நம்பரைக் குவளைக்கு அடியில எழுதுங்க. நான் திரும்பி நிக்கிறேன்."

அவள் இரண்டாம் பையிலிருந்து எட்டுத் தக்கையும், ஒன்பதாம் பையிலிருந்து எட்டுத் தக்கையும் எடுத்துப் பதினாறு குவளையில் கலந்து போட்டாள். பிரதர் கெட்டிலைப் பிடித்தார். நான் ஜன்னல் வழியாகத் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொழுந்து பறிக்கிறவர்கள் ஒரு வளைவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு நிமிடம் ஆனதும் உட்கார்ந்து, முதல் மூடியைத் தூக்கினேன்.

வெந்த மரத்தின் வாடை. நான் சொன்னதுதான். இரண்டாவதும் மரம். மூன்றாவது மூடியைத் தூக்கியதும் என் கை நின்றுவிட்டது. மரத்துக்கு மேலே, தனியாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அது இருந்தது. ஜாடியில் ஒரு நாள் ஊறி வந்ததைவிட இங்கே ஆறு நிமிடத்தில் பளிச்சென்று வந்திருந்தது. மரவாடை வேறு, இது வேறு. அவள் சொன்னது அப்படியே சரி.

பதினாறையும் பார்த்து, ஐந்து குவளைகளைத் தனியாக எடுத்து வைத்தேன். பிரதர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்பது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

என் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சிக்கல். மூக்கு கெட்டுப்போயிருந்தால் வயதாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

ஸ்டெல்லா குவளைகளைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாள். "அங்க நீங்க ஒவ்வொரு பையில இருந்தும் எத்தன எடுப்பீங்க மிஸ்?"

"நீங்க?"

"நாங்க முப்பது. தேயிலையில அப்படித்தான். எல்லாப் பெட்டிலயும் ஓட்ட போட்டு எடுக்கணும். ஒரு பெட்டியப் பாத்துட்டு அடுத்த பெட்டிக்குச் சொல்ல ஏலாது. டீமேக்கர் ஏசுவாரு."

எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை. லாரிக்காரர் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். ஆறு பை கட்டி முடித்ததும் ஒரு மூட்டை தீர்ந்து, இரண்டாவது மூட்டையைப் பிரித்தார்கள். ஆறு பையையும் நான் ஒழுங்காகச் சோதித்திருந்தேன். ஆறும் சுத்தம். மற்ற நாலும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஏழிலிருந்து பத்து வரை ஒரு தக்கையைக்கூட எடுக்காமல் நாடாவை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். லாரி போனதும் காபி குடித்தேன்.

இதை நான் அப்போது அவர்களிடம் சொல்லவில்லை. ஒன்பதாம் பையை ஜாடியிலும் போட்டு வைக்கிறேன், நாளை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஒரு பள்ளிக்கூட டீச்சர் நோட்டுப் புத்தகக் கட்டை என் மடியில் வைத்தார். இறங்கும் வரை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இவ்வளவு வயதுக்கு மேல் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நினைத்ததில்லை.

வெள்ளி காலை ஜாடியும் அதையே சொன்னது. ஒன்று முதல் ஆறு வரை நல்ல தக்கை என்று கேட்டதும் பிரதர், "ஆறு பை காணும். தாங்கியில முக்காவாசிக்கு அது போதும். மிச்சத்தைச் சின்னப் போத்தலுகளில கழுத்துமுட்ட ஊத்தித் திருகுமூடி போட்டு வைப்பம்," என்று எழுந்து போய்விட்டார். இரசம் பிழைத்துவிட்டது. மீதி இருந்தது எனக்கும் ஸ்டெல்லாவுக்குமான விஷயம்.

முதலாளிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த பிளீச்சிங் பவுடர் இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு சார்."

"அதை எழுதிட்டு வாங்க. பொய் இல்லையே. இருக்கிறதைத்தானே எழுதுறீங்க. அலுமாரிக் கதை யாருக்குத் தெரியப் போகுது?"

நானே அவருக்கு எடுத்துக்கொடுத்த வழி அது. முந்தாநாள் பஸ் நிறுத்தத்தில் நின்று, அத்தனை பெருமையோடு எடுத்துக்கொடுத்தேன். "பார்க்கிறேன் சார்," என்று வைத்தேன்.

சோதனை அறை மேசையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். இங்கே எல்லோரும் வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தார் பிரதர். முதல் வரியாக ஸ்டோரில் பிளீச்சிங் பவுடர் இருப்பதை எழுதினேன். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா கெட்டிலில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

ஏழு, எட்டு, ஒன்பது பைகளில் வாடை உண்டு. ஒன்பதாம் பை ஸ்டோரிலேயே இருந்ததில்லை, ஆகவே பிளீச்சிங் பவுடர் காரணமில்லை. ஏழு முதல் பத்து வரை உள்ள பைகளைப் பெங்களூர் ஆய்வுக்கூடம் சோதிக்காமல் அனுப்பிவிட்டது. இங்கே ஸ்டெல்லா செய்த சோதனை சரியானது. எழுதி முடித்ததும் எனக்கு என் மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வரிக்கு அடியில் விரலை வைத்து, அவசரப்படாமல் வாசித்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"ஆய்வுக்கூடம்னா யாரு மிஸ்?"

"எங்க கம்பெனியில சோதனை பண்ற இடம்."

"அங்க ஆள் இல்லயா?"

நான் அந்த வரியை மறுபடி வாசித்தேன்.

"கொழும்புல இருந்து வந்த கடுதாசியில இந்த எடம், அந்த எடம்னு எழுதல மிஸ். ஸ்டெல்லாவுக்கு மோப்பம் தெரியாதுன்னு எழுதியிருந்திச்சி. பிரதர் என்னைய வச்சிக்கிட்டுத்தான் வாசிச்சாரு." குரல் உயரவே இல்லை. பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

'பெங்களூர் ஆய்வுக்கூடம்' என்பதை அடித்தேன். அதற்கு மேலே 'நான், ரா. வசந்தகுமாரி' என்று எழுதி, வரிக் கடைசியை 'அனுப்பிவிட்டேன்' என்று திருத்தினேன். இடம் போதாமல் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

அவள் அதையும் விரல் வைத்து வாசித்தாள். மூன்று நாளாக மிஸ், மிஸ் என்று கூப்பிட்டவளுக்கு என் பெயர் தெரியாது. நாடாவில் இருந்தது வெறும் கிறுக்கல், நானும் சொல்லவில்லை. வாசித்துவிட்டு, கீழே தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுந்து கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி கொதிச்சிருச்சி, வசந்தாக்கா. வாங்க. பத்தாம் பை இன்னும் பாக்கல."